அழாத பிள்ளையின் காது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பதறாதே, முழுவதும் படி, இப்போது பயமில்லை.

நீ எங்களிடம் விட்டுப்போன இரட்டைகள், நாம் பட்டாசு, பஞ்சு என்று கூப்பிடும் உன் பெண்கள், ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தான், ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பட்டாசுக்குச் சட்டையில் நூல் உறுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும், பால் ஆறிப்போனால் தம்ளர் பறக்கும். பஞ்சு வைத்த இடத்தில் இருப்பாள், கொடுத்ததைத் தின்பாள். இது இருக்கிற இடமே தெரியாது, தங்கம் என்று உன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரிப்பாள், நானும்தான். போன வாரம் இரண்டுக்கும் சளி. பட்டாசு அழுது போட்ட கூச்சலில் மூன்று நாள் அவளையே மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். பஞ்சு தலையணையில் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தாள், கூப்பிட்டால் திரும்பவில்லை, நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்து அச்சகத்துக்குப் போய்விட்டேன். வியாழன் காலை தலையணை உறையை மாற்றப்போன அம்மா பார்த்தால் அதில் சீழும் ரத்தமும். வண்டி பிடித்து ஓடினோம். டாக்டரம்மா காதில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை ஓட்டையாயிருக்கு, ரெண்டு மூணு நாளா உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே, யாருமே பாக்கலையா என்று கேட்டார்.  ஏம்மா சொல்லல என்று பஞ்சுவிடம் கேட்டேன். அவ அழுதுட்டிருந்தாளே தாத்தா என்றாள், கோபமாகக்கூட இல்லை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதை என் வீட்டிலேயே நடத்திக் காட்டிவிட்டேன். ஓட்டை தானாக மூடிக்கொள்ளும் என்கிறார்கள், ஆனால் ஆறு வாரம் கழித்துச் சோதித்தால்தான் கேட்கும் திறன் தெரியும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். நீ கூப்பிடும்போது பட்டாசு போனைப் பிடுங்குவாள், விடாதே, முதலில் பஞ்சுவைக் கேள், அவள் ஒண்ணுமில்ல என்றால் அதோடு நிறுத்திவிடாதே, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேள்.

இன்னொன்று. நீயும் சின்னதில் இப்படித்தான், ஒரு தொந்தரவும் தராத பெண் என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். வாராவாரம் போனில் நல்லாயிருக்கேன்பா என்கிறாய், நானும் சரி என்று வைத்துவிடுகிறேன். இரண்டு நாளாக அது மனதைக் குடைகிறது.

இருவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பதில் போடும்போது நல்லாயிருக்கேன்பா என்ற அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பாதேம்மா.

உன்னைச் சரியாகக் கேட்காமல் விட்ட
அப்பா