பெரியவர் வீட்டு மாடி வழியாக நெட்

ஐப்பசி 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மக்காச்சோளத்துக்கு நல்லது. நெட்டுக்கு ஆகாது. மருமகள் திவ்யா சிக்னல் கிடைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை. ஒரு கையில் குடை, மடியில் லேப்டாப். திங்கட்கிழமை மீட்டிங்கிலும் லைன் அறுந்தால் சென்னைக்கே வந்துவிட வேண்டுமாம். பேத்தியும் கூடப் போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. (தோசை இறங்கியது.)

ஐப்பசி 5, புதன்
குன்னத்திலிருந்து நெட் போடும் தம்பி அன்சாரி வந்தார். கம்பி லைன் ரோட்டோரக் கடை வரைதான். அங்கிருந்து சோளக்காட்டுக்குள் இருக்கும் நம் வீடு வரை மாடிக்கு மாடி ஒரு பெட்டி. ஒரு பெட்டி அடுத்ததிடம் சொல்லும், அது அதற்கடுத்ததிடம். ஒன்று படுத்துவிட்டால் வேறு பெட்டி வழியாகச் சுற்றி வரும்.
என் வீட்டுக்காரர்: "நம்மூர்ல வம்பு பரவுற மாதிரியா?"
அன்சாரி: "அதேதாங்க. ஆனா இதுல சேதி மாறாது."
நடுவில் இரண்டே வீடு. டெய்லர் மேரி வீடு, பெரியவர் வீடு. பெரியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். பேத்தி காதுகுத்துப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போனதிலிருந்து பேச்சு இல்லை.
"மேரிக்கா வூடு மட்டும்னா, அங்க கரண்டு போனா அம்புட்டுதான். ரெண்டு வழி வேணுங்க."
"அவரு வூட்டு வழியா வர்ற நெட்டு எனக்கு வேணாம்." துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி 7, வெள்ளி
சந்தைக்கு என்று சொல்லிவிட்டு அன்சாரியோடு பெரியவர் வீடு. அவர் மனைவி (எனக்கு அக்கா முறை) காப்பி கொடுத்தார். பெரியவர் முகத்துக்கு நேரே பேப்பர். கேள்வியெல்லாம் அன்சாரியிடம்தான்.
"இந்தப் பொட்டி என் மாடியில இருந்தா அவங்க வூட்ல பேசுறது எனக்குக் கேக்குமா?"
"கேக்காதுங்கய்யா. சேதியெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போவும்."
"அப்ப எனக்கென்ன பிரயோசனம்?"
"உங்க வூட்டுக்கும் வைஃபை வரும்ங்க."
பேப்பர் இறங்கியது. "மாட்டிட்டுப் போ."
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சந்தையில் ஒன்றும் நன்றாக இல்லை என்று சொன்னேன்.

ஐப்பசி 10, திங்கள்
மீட்டிங். பாதியில் திவ்யா வாயைத் திறந்தபடி ஸ்கிரீனில் உறைந்துபோனாள். உடனே சரியானது. இஸ்திரி போட இடமில்லை என்று மேரி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாளாம். ஸ்பீக்கர் போனில் அன்சாரி: "பயப்படாதீங்க, பெரியவர் வூட்டு வழியா சுத்தி வருது!"
வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். என்னைப் பார்த்தார். காட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து ஒரே கேள்வி: "அவரு மாடியில பொட்டி நனையாம இருக்கா?"

ஐப்பசி 12, புதன்
நல்ல வெயில். திவ்யா இங்கிருந்தே வேலை பார்க்கலாம், ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பேத்தி என் புடவையில் கஞ்சி கொட்டினாள். கொட்டட்டும்.
சாயங்காலம் வாசலில் பெரியவர். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதாம்.
"வாங்கண்ணே," என்றார் வீட்டுக்காரர்.
"ஒங்களுக்கு நெட்டு வருதா?"
"வருது. மேரி வூட்டு வழியா."
"அப்ப என் வழியா வரலயா?" பாவம், முகம் விழுந்துவிட்டது.
வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார். "வாங்க, பாத்துடுவோம்."
அண்ணனும் தம்பியும் அந்த மாடியில். காற்றில் பெட்டி திரும்பியிருந்ததாம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் திவ்யாவுக்கு போன்.
"இப்ப எந்த வழியா வருது?"
"உங்க வழியாதான் பெரிய மாமா!" அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது.
இப்போது அக்கா போன். "விளக்கு பச்சையாகி எவ்ளோ நேரமாச்சு. ரெண்டும் பேசிக்கிட்டே நிக்குதுங்க, மாடிய விட்டு எறங்க மாட்டேங்குதுங்க. இட்லி ஆறுதுடி."