ஒரு வருஷ விசா

ஹில்ஸ்பரோ, ஓக்லாந்து
3 மார்ச் 1996

அன்புள்ள பூங்கோதைக்கு,

நீ லண்டன் போய்ச் சேர்ந்த செய்தியை பாஸ்கரன் அண்ணா ரெலிபோனில் சொன்னார். நீ குளித்துக்கொண்டு நிற்கிறாய் என்றதால் உன் குரலைக் கேட்கக் கிடைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்த பிள்ளை, ஒரு வரி எழுதக்கூடாதா?

நீ இருந்த அறையில் ஜனார்த்தன் தன் தூண்டில்களைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டார். எனக்கு அந்தக் கதவைத் திறக்கவே மனமில்லை.

உன்னோடு ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்த ஊர்மிளாவை மனுரேவாக் கடையில் கண்டேன். "இங்கே ரெசிடென்ஸ் கிடைத்தும் விட்டிட்டுப் போயிட்டாளே" என்று அந்தப் பிஜிக்காரி துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டாள். நான் விளக்கம் சொன்னேன். பூங்கோதை என் அண்ணாவைக் கட்டியவள், அவர் பிரிட்டிஷ் குடிமகன். இப்போது இருப்பது ஒரு வருஷ விசா. அது முடிய, இருவரும் சேர்ந்து வாழ்கிறோம் என்று புருஷனும் கையெழுத்து வைத்தால் நிரந்தர வதிவிடம். போய் மூன்று வருஷத்தில் குடியுரிமைக்கும் போடலாம். அண்ணா அகதியாகப் போய் அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் இழுபட்டவர். உனக்கு அந்தப் பாடு இல்லை.

அண்ணா கொஞ்சம் கறாரான ஆள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, நான் பேசி முடித்த உங்கள் கலியாணத்துக்கு அவர் இங்கே வந்த போன மாரியில்தான் நானும் அவரை நேரில் கண்டேன். ஆனால் என் கூடப் பிறந்தவர். நீ அனுசரித்துப் போ.

அன்புடன்,
வித்தியா அக்கா


டூட்டிங், லண்டன்
20 மே 1996

அன்புள்ள வித்தியாக்காவுக்கு,

எழுதப் பிந்தியதற்குக் கோவிக்காதேங்கோ. நான் நலம். இங்கே இப்போதுதான் குளிர் விட்டிருக்கிறது. நீங்கள் அங்கே ஹீற்றர் போடத் தொடங்கியிருப்பீர்கள்.

இதை நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத வசதி இல்லை. லாப் வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் பார்த்தேன். "முதல் வருஷம் வீட்டில் இரு" என்கிறார் உங்கள் அண்ணா. ரெலிபோனுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார். பில் கூடிவிடுமாம். என் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று வந்த அன்றே வாங்கி வைத்தார்.

அக்கா, ஒரு உதவி. நியூசிலாந்துக்குத் திரும்பி வர என் பாஸ்போர்ட்டில் ஒரு விசா இருந்ததல்லவா, அது எந்த மாதம் முடிகிறது என்று மறந்துபோனேன். புறப்படுமுன் நாங்கள் எடுத்த போட்டோ கொப்பி உங்களிடம் இருக்கும். பார்த்து எழுதுங்கோ. இதை அவரிடம் கேட்க வேண்டாம். சும்மாதான் கேட்கிறேன்.

ஜனார்த்தன் அண்ணா மீன் பிடிக்கிறாரா, அல்லது வழக்கம்போல வாங்கிக்கொண்டு வருகிறாரா?

அன்பு மறவாத,
பூங்கோதை


ஹில்ஸ்பரோ
9 ஜூன் 1996

அன்புள்ள பூங்கோதைக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷப்பட்டேன், கொஞ்சம் கோபமும் பட்டேன். சும்மா கேட்கிறேன் என்கிறாய். சும்மா யாராவது திரும்பிவரும் விசாவைப் பற்றிக் கேட்பார்களா?

கொப்பியைப் பார்த்தேன். நவம்பர் நடுப்பகுதியோடு முடிகிறது. உனக்கு அது எதற்கு? பெப்ரவரி வந்தால் லண்டனில் நிரந்தரம். வேலைக்குப் போகாமல் ஓய்வாக இரு என்று சொல்லும் புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

போன ஞாயிறு அண்ணாவோடு கதைத்தேன். "ஏன் அந்தப் பிள்ளையின்ர பாஸ்போர்ட்டைப் பூட்டி வைச்சிருக்கிறீங்கள்? அவள் விசா எப்ப முடியுது என்று என்னட்டக் கேட்டு எழுதுறாள்" என்று பகிடியாகத்தான் கேட்டேன். அண்ணா சிரித்தார். "ஓம் ஓம், குடுக்கிறன்" என்றார். பார்த்தாயா, வாய்விட்டுக் கேட்டால் தீருகிற விஷயம்.

அன்புடன்,
வித்தியா அக்கா


லண்டன்
2 ஜூலை 1996

வித்தியாக்கா,

உங்கள் கடிதம் என் கைக்கு வருமுன் உங்கள் ரெலிபோன் வந்துவிட்டது.

அவர் உங்களோடு சிரித்துக் கதைத்துவிட்டு ரிசீவரை வைத்தார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். மேலே போய் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். "இதைத்தானே என்ர தங்கச்சியிட்டக் கேட்டனி?" என்றார். நியூசிலாந்து விசா இருந்த தாளைக் கிழித்து காஸ் அடுப்பில் பிடித்தார். நான் பறிக்கப் பாய்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. இடது காது கேட்கவில்லை. சவ்வு கிழிந்துவிட்டதாக டொக்டர் சொன்னார். படியில் விழுந்தேன் என்று அவர் பக்கத்தில் நின்று சொன்னார். நானும் ஓம் என்றேன்.

இது முதல்தரம் இல்லை அக்கா. வந்த மாதமே தொடங்கிவிட்டது.

"ஒரு வருஷத்துக்கு நீ என்ர கையில. ஹோம் ஒஃபிசுக்கு நான் ஒரு கடிதம் போட்டாப் போதும், உன்னைக் கொழும்புக்கு ஏத்திவிடுவாங்கள்" என்கிறார். விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். இந்த வருஷத்துக்குள் நான் வெளியேறினால் இங்கே இருக்க எனக்கு வழியில்லை. அடித்தான் என்று சொன்னாலும் சட்டம் அப்படித்தான். நவம்பருக்குப் பிறகு உங்கள் நாடும் இல்லை.

எழுதினால் உறையின் பின்பக்கம் உள்ள விலாசத்துக்கு எழுதுங்கோ. பக்கத்துத் தெருவில் இருக்கும் சரோஜாதேவி அக்காவின் வீடு. தயவுசெய்து உங்கள் அண்ணாவோடு கதைக்காதேங்கோ.

பூங்கோதை


ஹில்ஸ்பரோ
12 ஜூலை 1996

என் பூங்கோதை,

உன் கடிதத்தை வாசலில் நின்றே வாசித்தேன். ஜனார்த்தன் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவரிடம் நீட்டினேன், வாசித்தார். அடுப்பில் சோறு கரிந்து மணக்கும்வரை அப்படியே இருந்தோம்.

சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர் அவர். அந்தக் கைதான் இது என்று என் புத்தி ஏற்க மறுக்கிறது. நான் நம்பவில்லை என்று நினைத்துவிடாதே. நம்புகிறேன். கேட்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். நான் கேட்டேன்.

இன்று கொப்பியை எடுத்துக்கொண்டு இங்குள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, "அவருடைய ரெசிடென்ஸ் எங்கள் பதிவில் இருக்கிறது. தாளை எரித்தால் அது இல்லாமல் போகாது" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நீ இலங்கைத் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட் எடுத்து, நவம்பருக்கு முன் லண்டனில் உள்ள நியூசிலாந்துத் தூதரகத்துக்கு நேரே போனால், விசாவைத் திரும்பக் குத்துவார்களாம். கொப்பியை இதோடு வைத்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் நாசமாய்ப் போகட்டும். நீ உயிரோடு வெளியே வா. பொலிசுக்குப் போ. சாட்சி கேட்டால், நான் ரெலிபோனில் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவேன். அவர் என் அண்ணா என்பதையும் சேர்த்தே எழுதுவேன்.

வித்தியா


லண்டன்
6 ஒக்டோபர் 1996

வித்தியாக்காவுக்கு,

ஓகஸ்ட்டில் வெளியேறினேன். அவர் வேலைக்குப் போன நேரம் சரோஜாதேவி அக்கா காரைக் கொண்டுவந்தா. இப்போது பெண்களுக்கான ஒரு விடுதியில் இருக்கிறேன். விலாசம் எழுதக்கூடாது என்பது இங்கத்தைய ஒழுங்கு. என்னைப்போல் இன்னொரு பிள்ளை இருக்கிறாள், பஞ்சாபி. அவளுக்குத் திரும்பிப் போக வேறு நாடு இல்லை. வருஷம் முடியட்டும் என்று பொறுத்திருந்தவள், கடைசி மாதத்தில் கை முறிந்து வந்திருக்கிறாள்.

பொலிசுக்குச் சொன்னேன். நீங்கள் அனுப்பிய வாக்குமூலம் கிடைத்தது என்று அந்த அதிகாரி சொன்னார். சொந்தத் தங்கை எழுதினாளா என்று இரண்டு தரம் கேட்டார்.

விசா கிடைத்துவிட்டது. மாத முடிவில் வருகிறேன். ஆனால் ஹில்ஸ்பரோவுக்கு வரமாட்டேன் அக்கா. ஊர்மிளா மனுரேவாவில் தன் வீட்டில் ஒரு அறை தருகிறாள். விமான நிலையத்துக்கும் அவளே வருவாள். நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் "அண்ணா சிரித்தார்" என்று எழுதினீர்களே, அதையும் மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் ரெலிபோன் அடித்தால் நான் நடுங்குவேன். கொஞ்சக் காலம் என்னைத் தேடாதேங்கோ.

பூங்கோதை


ஹில்ஸ்பரோ
8 டிசம்பர் 1996

அன்புள்ள பூங்கோதைக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டி எழுதுகிறேன். காரில் வந்தால் அரை மணித்தியாலம் ஆகாது. தேடாதே என்றாய். அதனால் வரவில்லை. இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியாது.

நேற்று அண்ணா ரெலிபோன் எடுத்தார். வாக்குமூலத்துக்காகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வெதர் எப்படி என்று கேட்டார். பொலிஸ் அலுவல் பெரிதாக ஒன்றும் வராது என்றார். பிறகு, ஒரு சாமானுக்குச் சொல்லிவிடுவதுபோலச் சொன்னார்: "விவாகரத்து முடிய இன்னொண்டு பார் வித்தியா. இந்த முறை படிச்சது வேண்டாம். வேற நாட்டு விசா ஒண்டும் இல்லாத பிள்ளையாப் பார்."

நீ எழுதியதை நம்பினேன்தான். ஆனால் ஏதோ கோபத்தில் செய்துவிட்டார் என்று எனக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தேன் போல. அந்த ஒரு வசனத்தில் அதுவும் போய்விட்டது. அவர் யோசித்துத்தான் செய்கிறார்.

"பார்க்கிறன் அண்ணா. உங்களுக்குப் பெண் குடுக்க நினைக்கிற வீடு ஒவ்வொண்டுக்கும் நானே ரெலிபோன் எடுத்து, பூங்கோதைக்கு நீங்கள் செய்ததைச் சொல்லுறன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் அம்மாவின் பெயரைச் சொல்லி ஏதோ தொடங்கினார். நான் வைத்துவிட்டேன். இன்று ஜனார்த்தன் எங்கள் நம்பரை மாற்றக் கொடுத்திருக்கிறார்.

நீ பதில் எழுத வேண்டியதில்லை. உன் காது இப்போது எப்படி என்று மட்டும் ஊர்மிளாவிடமாவது சொல்லிவிடு.

வித்தியா


மனுரேவா
12 டிசம்பர் 1996

வித்தியாக்கா,

காது பாதி கேட்கிறது. ஒப்பரேசன் செய்யலாமாம். புதன்கிழமை ஸ்பெஷலிஸ்ற்றிடம் போகவேண்டும். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. ஊர்மிளாவுக்கு லீவு இல்லை.

காலையில் எட்டு மணிக்கு வாங்கோ. ஹோர்ன் அடிக்காதேங்கோ. நான் வாசலில் நிற்பேன்.

பூங்கோதை