பூ மூடிய படகு

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணி ரேகாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் வேலைக்குப் போய்வர எல்லையம்மன் துணை இருக்கட்டும். போனில் பேசாமல் கடிதம் என்ன கடிதம் என்று சிரிப்பாய். நீ கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள், அவள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நெட்டுக்குப்பத்தில் எல்லாம் அப்படியேதான். முகத்துவாரத்தில் மறுபடியும் மண் அடைத்துக்கொண்டது, இறால் இல்லை, நீ வைத்த செம்பருத்தி அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து விபூதி பூசிய சாமியார் மாதிரி நிற்கிறது, அம்மா தினமும் அதைக் குளிப்பாட்டுகிறாள். வீட்டுக்குள்ளேதான் பேஜார். ரேகாவின் அம்மா காத்திவாக்கத்திலிருந்து வந்து, இரண்டு வருஷம் ஆகிவிட்டது, நல்ல இடத்திலிருந்து பெண் கேட்கிறார்கள், உங்கள் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து என் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று அழுதாள். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நம் குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியும், கடலில் போனவனை அவன் போன படகருகே நின்று பேர் சொல்லி இறக்கி வீட்டுக்கு அழைத்து வந்தால்தான் காரியம். உன் அண்ணன் திருமுருகனோடு படகும் வரவில்லை, நான் எங்கே போய்க் கூப்பிடுவேன் என்பதுதான் உன் அம்மாவின் ஒரே பேச்சு. ரேகா இதற்கும் அதற்கும் வாய் திறக்காமல் மீன் கூடையோடு போகிறாள் வருகிறாள், தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது, பட்டணத்தில் மலர்க் கண்காட்சி என்று டிவியில் காட்டினார்கள், போன வாரம் இருவரையும் கிளப்பிக்கொண்டு போனேன். பூவைப் பார்க்க டிக்கெட்டா என்று உன் அம்மா வாசலிலேயே சண்டைக்கு நின்றாள். உள்ளே பூவிலே யானை, பூவிலே மயில், பூவிலே ரயில், ஜனங்கள் செல்பி எடுத்து மாளவில்லை. அத்தனை பூவை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்குச் சாவு வீடுதான் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு படகு நின்றது. நிஜமான பைபர் படகு, வெளியெல்லாம் மஞ்சள் சாமந்தி, கீழே கடலுக்கு நீலப் பூ, உள்ளே முழுக்க வெள்ளைச் சாமந்தி. மற்ற இடத்திலெல்லாம் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது, அதன் மேல் ஒன்றுகூட இல்லை. கிட்டே போனால் பூ வாசனையும் இல்லை, வலை உதறும்போது வருமே அந்தக் கவிச்சிதான் வந்தது. பின்பக்கம் எஞ்சின் ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் மட்டும் பூ நசுங்கிப் பள்ளமாகக் கிடந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த எல்சி என்ற பெண்ணிடம், பிள்ளைகளை மேலே ஏற விடுகிறீர்களா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "தெனம் புதுசா சொருகறேண்ணா, காலைல வாசல் கேட்டத் தொறக்கறதுக்குள்ள யாரோ குந்திகினு கீற மாறி அந்த எடம் மட்டும் அமுங்கிப் பூடுது" என்றாள். படகு எங்கே வாங்கியது என்றதற்கு, நெல்லூர் பக்கம் கரை ஒதுங்கினதை அலங்காரக்காரர் பழைய சாமானோடு வாங்கி வந்தார் என்றாள்.

பூவுக்குள் கையை விட்டேன் வினிதா. பின்பக்கத்து உள் விளிம்பில் அண்ணன் படகின் விரிசலுக்கு நான் போட்டுக் கொடுத்த ஒட்டு இருந்தது. அன்றைக்கு ரெசின் பசை காய்வதற்குள் அவசரப்பட்டு அழுத்தியதில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் பின்பக்கம் போய் நின்று, சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில், "எறங்கு முருகா, எவ்ளோ நாளு இங்கியே குந்திகினு இருப்ப, வூட்டுக்குப் போலாம் வா" என்றாள். காற்றே இல்லை. நசுங்கிக் கிடந்த சாமந்தி ஒவ்வொன்றாக மெல்ல நிமிர்ந்தது. ரேகாவும் பார்த்தாள், என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

அழைத்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பஸ் ஏறும்வரை மூவரும் முன்னே பார்த்தபடியே நடந்தோம். பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டை விட்டுவிட்டாள். பெண்களுக்கு இலவசம்தானே, எனக்கு மட்டும் டிக்கெட் கேட்டேன், அவள் ஆண்களுக்கு ரெண்டு எடு என்றாள். கண்டக்டர் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தார். ராயபுரத்தில் கூட்டம் நெரிந்தது, யாரோ ஒரு பெண் அந்த சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, ஈரமாக இருக்கிறது என்று புடவையை உதறினாள். எண்ணூர் வரைக்கும் வேறு யாரும் அதில் உட்காரவில்லை. நான் தொட்டுப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையிலேயே முகத்துவாரத்தில் காரியம் முடித்தோம். உன்னிடம் சொல்லாமல் செய்தோம் என்று கோபித்துக்கொள்ளாதே, அம்மா ஒரு நாள்கூடத் தள்ளிப்போட விடவில்லை. அண்ணன் போட்டோவுக்கு அவளே மாலை போட்டாள், போட்டுவிட்டு ரேகாவின் அம்மாவைப் பார்த்து, அந்த இடத்தைப் பேசி முடி என்றாள். ரேகா இரண்டு வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள், அன்று மத்தியானம் தட்டில் வைத்ததை முழுசாகச் சாப்பிட்டாள். நீயும் அழுது தீர்த்துவிடு, ஆனால் தனியாக இருந்து அழாதே, கூட வேலை செய்யும் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய், கடல் தாயும் எல்லையம்மனும் உன்னைக் கைவிட மாட்டார்கள். ஒன்று மட்டும் மறக்காதே, போனை எடுத்ததும் அண்ணனைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்பாயே, இனி கேட்காதே. வீட்டில்தான் இருக்கிறான் என்று அம்மா சொல்லிவிடுவாள், நீ அங்கே ஒண்டியாகப் பயந்துபோவாய். காலையில் அவன் படுக்கிற மூலையை அவள் துணி போட்டுத் துடைக்கிறாள், பிழிகிற தண்ணீரில் உப்பு வாடை அடிக்கிறது.

உன் அப்பா,
தேசப்பன்