சிம் போடுகிற இடம்

கொரியர் பெட்டிக்குள் வைத்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மகளுக்கும்,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள்.

டேப்லெட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வைஃபை மட்டும் உள்ளதே போதும், சிம் மாடல் தெண்டம் என்று நீங்கள் நான்கு முறை சொன்னது நினைவில் இருக்கிறது. ஆனால் கடையில் அந்த வகை தீர்ந்துபோயிருந்தது. வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். காட்சிக்கு வைத்திருந்த சிம் வகை ஒன்றை அதே விலைக்குத் தருவதாகச் சொன்னதால் எடுத்துவிட்டேன். ஓரத்தில் சின்னதாக ஒரு தட்டு தெரியும். அது சிம் போடுகிற இடம். காலியாகத்தான் இருக்கிறது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். வீட்டு வைஃபையில் மற்றதைப் போலவே வேலை செய்யும்.

மகளுடைய போன் தண்ணீரில் விழுந்து ஆறு மாதம் ஆகிறது. வேறு போன் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, வீட்டோடு இருப்பவளுக்குப் போன் எதற்கு, டேப்லெட் போதும் என்றீர்கள். அப்படியே செய்துவிட்டேன். இனி எங்களோடு பேச மாலை வேளையில் உங்கள் போனை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா

* * *

தோழியின் கையில் கொடுத்தனுப்பியது

அம்மாடி,

இந்தக் கடிதத்தைக் கீச்சு உன் கையில் மட்டும்தான் கொடுப்பாள். ஹாஸ்டலில் உன்னோடு இருந்தவள், இப்போது உன் ஊரில் பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள் என்று நீ எப்போதோ சொன்னதை வைத்து அவளைத் தேடிப் பிடித்தேன். குரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

பெட்டியில் வைத்த கடிதத்தைப் படித்திருப்பாய். அதில் கடையைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். இரண்டு வகையும் அங்கே இருந்தன. கடையில் இருந்த பெண் இரண்டையும் என் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு, "யாருக்கு சார்? வெளிய போறவங்களா, வீட்டோட இருக்கறவங்களா?" என்று கேட்டாள். வீட்டோடுதான் இருக்கிறாள் என்றேன். "அப்ப வைஃபையே போதும் சார். என்ன, வாசப்படி தாண்டினா பேசாது. வீட்ல நெட் இல்லாட்டியும் பேசாது" என்றாள். வெளியே வந்து சிக்னல் கம்பத்தடியில் வெகுநேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் சிம் மாடலைக் கட்டித் தரச் சொன்னேன்.

போன மாதம் கம்பெனிப் பயிற்சி என்று சொல்லி உன் வீட்டில் இரண்டு நாள் தங்கினேனே, பயிற்சி எதுவும் இல்லை. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். அன்று காலை எட்டு நாற்பதுக்கு மாப்பிள்ளை கிளம்பிப் போனார். டிவிக்கு மேலே இருக்கும் வைஃபை பெட்டியில் விளக்கு எரியவில்லை. அணைந்த விளக்கைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, உனக்குத் தெரியும். ஏறிப் பின்பக்கம் பார்த்தேன். அடாப்டர் இல்லை. உன்னைக் கேட்டதற்கு, "ரொம்ப சூடாகுதாம்ப்பா, அதான் கழட்டி வச்சுட்டுப் போறாரு" என்றாய். எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாய். அடுப்பில் பால் இல்லை.

சாயங்காலம் அவர் வந்தார். பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தார். அடுத்து அடாப்டரை எடுத்து, சாக்ஸைக்கூடக் கழற்றாமல் போய்ச் சொருகினார். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து என் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

மறுநாள் அம்மாவோடு பேசு என்று என் போனை நீட்டினேன். நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். "வேணாம்ப்பா. அவரு உங்க நம்பருக்குக் கூப்பிடுவாரு. பிஸியா இருந்தா யாரோட பேசினீங்கன்னு கேப்பாரு." சொன்னபடியே அன்றைக்கு மூன்று முறை கூப்பிட்டார். மாமா சாப்பிட்டீர்களா என்று ஒரு கேள்வி, அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று ஒரு கேள்வி.

முப்பத்தொரு வருஷமாக நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கிறேன். கத்துகிறவர்கள், கதவை உதைக்கிறவர்கள், என்னைத் திட்டுகிறவர்கள், இவர்களைப் பற்றி எனக்குப் பயமே வந்ததில்லை. "ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன், மெதுவா வாங்க" என்று தணிந்த குரலில் சொல்வார்களே, அவர்களுக்காகத்தான் படியில் ஓடியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் போன் திரையில் நீ பேசியபோது ஓரத்தில் அவருடைய முழங்கை தெரிந்தது. நீ அதே குரலில்தான் பேசினாய்.

இதெல்லாம் தெரிந்தும் அன்றைக்கு உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிய அப்பன் நான். பெட்டியில் உட்கார்ந்த பிறகு எல்லாக் கேள்வியும் வரிசையாக வந்தது.

அம்மாவிடம் முழுதும் சொல்லவில்லை. ஆரம்பித்தாலே, "குடிக்கறாரா, அடிக்கறாரா, ஒண்ணும் இல்லையே. கொஞ்சம் கெடுபிடியான மனுஷன். அவ அனுசரிச்சுப் போகட்டும்" என்கிறாள். அவளைக் குறை சொல்ல எழுதவில்லை. பயத்தில் பேசுகிறாள்.

உறைக்குள் சிம் இருக்கிறது. என் பெயரில்தான் வாங்கினேன். டேப்லெட்டின் ஓரத்தில் உள்ள தட்டுக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். ஊக்கின் முனையால் அழுத்தினால் தட்டு வெளியே வரும். சிம்மைப் போட்டால் மேலே கோடு கோடாகச் சிக்னல் தெரியும். அதனால் அவர் வருவதற்கு முன் எடுத்துவிடு. எங்கே வைப்பது என்பதை நீயே பார்த்துக்கொள். எனக்குக்கூடச் சொல்லாதே. பேசி முடித்ததும் எங்கள் பெயரை அதிலிருந்து அழித்துவிடு.

பேசத்தான் வேண்டும் என்று இல்லை. கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தாலும் எனக்குப் போதும். நான் எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சிம்மைக் கீச்சுவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. அப்படி அது திரும்பி வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான்.

உன்
அப்பா

* * *

பதினெட்டு நாள் கழித்து

மாப்பிள்ளை அவர்களுக்கு,

என் மகள் புதன்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். உங்கள் பொருள் எதையும் எடுத்து வரவில்லை. ஒரு பையும் நான் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டும்தான் அவளோடு வந்தன. இந்தக் கடிதம் வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஆனாலும் நடந்ததை மறைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் இறங்கியிருந்தேன். அங்கே சிக்னல் எட்டாது. மேலே வந்தபோது நான்கு அழைப்புகள் கிடந்தன. நான் கிடைக்காததால் அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். வெகுநேரம் எதுவும் பேசவில்லையாம். லைன் சரியில்லை என்று அம்மா வைக்கப்போன நேரத்தில், "அம்மா, நான் வரட்டுமா?" என்று கேட்டாளாம். உங்கள் அத்தை மூன்று வருஷமாக உங்கள் பக்கம் பேசியவள். அவள் எந்தக் காரணமும் கேட்கவில்லை. "இதப் போயி கேப்பாங்களாடி, கிளம்பு" என்றிருக்கிறாள். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். நான் வீட்டுக்குப் போனபோது மகளுக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

நேற்று வரை நாற்பது முறைக்கு மேல் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு முறை எடுத்தேன். "அந்த டேப்லெட்ல சிம் போட்டுக் குடுத்தது நீங்கதானா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். நான்தான். கடையில் வேறு இல்லை என்று எழுதியதும் பொய். உங்களுக்குப் பொய் எழுதியதற்காக வருத்தப்படுகிறேன். சிம் கொடுத்ததற்காக வருத்தப்படவில்லை. அன்று நீங்கள் பதினைந்து நிமிடம் பேசினீர்கள். அவள் பத்திரமாக வந்து சேர்ந்தாளா என்று அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அத்தனை நேரமும் போனை வைக்கவில்லை.

இனி கூப்பிட வேண்டாம். அவளுக்குத் தோன்றினால் அவளே கூப்பிடுவாள். அவளுக்குத் தோன்றாவிட்டால் நீங்கள் வரவும் வேண்டாம்.

ஒரே ஓர் உதவி கேட்கிறேன். பீரோவின் மேல்தட்டில், கம்பளிக்கு அடியில், நீல நிறக் கோப்பு ஒன்று இருக்கிறதாம். அவள் எக்ஸ்ரே படிப்பு படித்த சான்றிதழ்கள் அதில் இருக்கின்றன. கிளம்பிய அவசரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள். நனையாமல் வந்து சேர வேண்டும், உறை இரண்டாகப் போட்டு அனுப்புங்கள். அவளுடைய மற்ற சாமான்கள் எதுவும் வேண்டாம்.

வெளியிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் அம்மாவைக் கொஞ்ச நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா