காலமானவர்கள் மட்டும்

தொம்மலூர்
12.9.1998

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் அறையில் சென்ற ஆண்டு ஏகமனதாக நிறைவேறிய சரித்திரத் தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும்: டேப் ரெக்கார்டரில் காலமான பாடகர்கள் மட்டுமே பாடலாம். உயிரோடிருப்பவர்களை வைத்து நரேஷும் மஞ்சுநாத்தும் தினமும் சண்டை போட்டதால் வந்த முடிவு. அதன்பின் சீர்காழி, கண்டசாலா, ரஃபி மூவரும் முறைவைத்துப் பாட, அறையில் அமைதி நிலவியது.

அம்மா பாடிய கேசட்டை ஒருநாள் போட்டேன். நரேஷ் நிறுத்திவிட்டான். "உங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க குரு? ரூல்ஸ்னா ரூல்ஸ்."

தீபாவளிக்கு அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தபோது அம்மா என்ன சிரிப்புச் சிரித்தாள்! "அப்ப நான் போனாத்தான் பெங்களூர்ல கச்சேரியா?"

காரியம் முடிந்து நான் திரும்பியதிலிருந்து இங்கே யாரும் டேப் போடவில்லை. நேற்று நரேஷ்தான் அந்தக் கேசட் எங்கே என்று கேட்டான்.

தேசிகன் மாமா அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறாராம். அவரிடம் ஒரு துண்டும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புங்கள். பொடியைக் கடையில் வாங்கினால் போதும். பீரோ மேல்தட்டில் இருக்கும் அம்மாவின் கேசட்டையும் அனுப்புங்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. முடிக்கிறேன்.

கேசட்டை இங்கே போட இப்போது தடை ஏதும் இல்லை.

முரளி