பட்டனை விட்டால்தான் கேட்கும்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அப்படியே இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். நீ அனுப்பிய படகுப் படம் வந்தது. அப்பாவைக் கேட்கவே வேண்டாம், கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம் எல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன் உன் படகைத்தான் காட்டுகிறார், பார்வை மங்கலான ஒரு பெரியவர் நல்ல கார் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரில் மறுபடியும் ஈரம் கசிகிறது, கொத்தனார் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. எங்கள் தலைக்கு மேல் குடியிருக்கிறவர்கள் புதிதாகத் துணி துவைக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ ரெண்டு வார்த்தைக்கு மேல் காது கொடுக்க மாட்டாய், சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். தவிர, படகு என்று பேச ஆரம்பித்தால் என் குரல் தானாகத் துறைமுக ரேடியோ அறைக் குரலாக மாறிவிடும். அந்தக் குரலில் கூப்பிட்டால் சின்ன வயசில் நீ மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு படகைக்கூட ஓட்டியதில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் கடலில் மாட்டிக்கொண்டவர்கள் கத்தியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் பின்பக்கம் அடியில் இருக்கிற வடிகால் அடைப்பானைக் கையால் தொட்டுப் பார், கண்ணால் பார்த்தது போதாது. புதுப்படகை இறக்கிவிட்டு, அடைப்பான் சட்டைப் பையில் இருக்க, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னே தெரியலம்மா என்று அழுதவர் ஒருவர் உண்டு. இஞ்சினைக் கிளப்புவதற்கு முன் இஞ்சின் இருக்கிற அறையின் காற்று விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குனிந்து மோந்து பார், பெட்ரோல் வாடை துளி இருந்தாலும் சாவியைத் தொடாதே. உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் நல்ல தண்ணீர் விட்டு இஞ்சினைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியைச் சட்டென்று பின்னால் இழுக்காதே, நீ கிளப்பிய அலையே பின்னாலிருந்து ஏறி உள்ளே வந்துவிடும். படகின் மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒடித்துத் திருப்பவும் கூடாது. முதலில் வேகத்தைக் குறை, மூக்கை இறக்கு, அப்புறம் திருப்பு. திரும்பி வருவதற்கான எரிபொருளுக்கு மேலும் கொஞ்சம் மீதம் இருக்கட்டும், எதிர்க்காற்று அடித்தால் போன கணக்கு வருகிறபோது உதவாது.

இப்போது அந்த மெஷின் விஷயம். அது துணியைப் பிழிய ஆரம்பித்தால் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். முதல் நாள் அதைக் கேட்டபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன், என்னை அறியாமல் பட்டனை விடுங்க, பட்டனை விடுங்க என்று கத்தியிருக்கிறேன். எந்த பட்டன், எதை விடணும் என்று அப்பா கூடத்திலிருந்து கேட்டார். அதே சத்தத்தை நான் முன்பு ஒரு நாள் ரேடியோவில் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பாதி தெரியும், உனக்கு ஒன்றுமே தெரியாது, நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய்.

நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம். புதிதாக வேகப்படகு வாங்கிய ஒரு மனிதர், வீடுகளுக்கு ஜன்னல் செய்து கொடுப்பவராம், மனைவியை ஏற்றிக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் போயிருக்கிறார். வேகத்தில் ஒடித்துத் திருப்பியதில் அவரே வெளியே போய் விழுந்துவிட்டார். இஞ்சினை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிறு உன் படகிலும் இருக்கும், அதன் ஒரு முனை சுவிட்சில், மறு முனை ஓட்டுகிறவர் உடம்பில். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். அவர் அதை மாட்டவில்லை, சும்மா தொங்கவிட்டிருந்தார். அதனால் படகு நிற்கவில்லை, அவளை வைத்துக்கொண்டு அவரையே வட்டமடித்தது. அவள் எப்படியோ மைக்கை எடுத்து, கலங்கரை விளக்கம் தாண்டி இருக்கோம், தண்ணியில விழுந்துட்டாரு, நிறுத்தத் தெரியலையே என்றாள். மீட்புப் படகை உடனே அனுப்பிவிட்டேன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அந்த மைக்கில் பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். பயத்தில் அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அவள் அழுவது எனக்குக் கேட்கிறது. இஞ்சின் சத்தம் ஏறி ஏறி இறங்குவது கேட்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் படகு அவர் பக்கத்தில் போகும்போது அவர் கத்துவதும் கேட்கிறது. நான் பட்டனை விடும்மா, விடும்மா என்று யாருக்கும் கேட்காத அறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் படகு ஒரு அலையில் துள்ளியதில் அவள் கை நழுவியது. சிவப்புக் கயிறைப் புடிச்சு இழும்மா என்றேன். இழுத்தாள். இஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும்தான். அவரு எங்க, சத்தத்தையே காணோமே என்று அவள் மெதுவாகக் கேட்டாள், அந்த மெதுவைத்தான் என்னால் தாங்கமுடியாது. மீட்புக்காரர்கள் அவரைத் தூக்கியபோது மூச்சு இல்லை. லைஃப் ஜாக்கெட் கடையில் கொடுத்த உறையோடு இருக்கைக்கு அடியில் இருந்தது.

நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன. கொஞ்ச நாள் கழித்து அவள் ரேடியோ அறைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்ததாகச் சொன்னாள், ஆனால் உட்கார்ந்ததும் தரையைத்தான் பார்த்தாள். பிறகு, அவரு கத்தினது உங்களுக்குப் புரிஞ்சுதா, எனக்கு இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல, நிறுத்தத் தெரியலன்னு என்னைத் திட்டிக்கிட்டேதான் போனாரா என்று கேட்டாள். கிளம்புகிறபோதும் படகில் கைவைக்காதே என்றுதான் கடிந்துகொண்டாராம். எனக்குப் புரிந்திருந்தது. ரேடியோவில் வருவதெல்லாம் பதிவாகும், அன்றைய பதிவை நான் இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டிருந்தேன். அவர் தன்னைக் காப்பாற்று என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. உக்காரு, எந்திரிக்காத, புடிச்சுக்கோ, விழுந்துடுவ என்றுதான் ஒவ்வொரு சுற்றிலும் கத்தியிருக்கிறார். அதைச் சொன்னேன். அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன், அதற்குள் ரேடியோவில் யார் யாரோ கூப்பிட்டார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துக்கொண்டார்.

அந்தப் படகை விற்றுவிடு என்று அவள் வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். விற்கத்தான் போறேன், ஆனா அதை நிறுத்தக் கத்துக்கிட்டுத்தான் விற்பேன் என்று துறைமுக மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழகினாள். ஒரு காலையில் என் ரேடியோவில் அவள் குரல் வந்தது. கலங்கரை விளக்கத்துக்கிட்ட இருக்கேன், நான்தான் ஓட்டறேன், உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு, பட்டனை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். வாம்மா என்று சொல்ல எனக்குத்தான் நேரமாயிற்று.

இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கித்தான் இருந்தது. உன் படம் வந்த பிறகு மேல்வீட்டு மெஷின் ஓடும்போதெல்லாம் திரும்ப வருகிறது. ஆனால் இப்போது அழுவது அவள் குரல் இல்லையடா. நம் மருமகள் குரல். படத்தில் நீ சக்கரத்தைப் பிடித்துச் சிரிக்கிறாய், அவள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், குட்டி அவள் மடியில் இருக்கிறது, உன் இடுப்பில் கயிறு இல்லை. படத்துக்காகக் கழற்றினேன் என்று சொல்வாய். இருக்கட்டும்.

படகை விற்றுவிடு என்று நான் சொல்லமாட்டேன், உன் ஆசை எனக்குத் தெரியும். நான் கேட்பது இதுதான். குட்டியை மறுபடி ஏற்றுவதற்கு முன் நீங்கள் இருவர் மட்டும் காற்றில்லாத நாளில் போங்கள். கயிறும் ஜாக்கெட்டும் இருவருக்கும் பழகட்டும். அவள் கிளப்பட்டும், நிறுத்தட்டும், திருப்பட்டும், ரேடியோவில் பேசட்டும். பிறகு படகை நிறுத்திவிட்டு நீ தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்திப் போ. அவளே தனியாக ஓட்டி மெதுவாக உன் பக்கம் வந்து, இஞ்சினை அணைத்துவிட்டு, உன்னை ஏற்றிக்கொள்ளட்டும். அவள் முதல் தடவை தவறவிடுவாள், நீ சிரிக்காதே. அவள் பயப்படாமல் செய்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப இறங்கு. முடிந்ததும் உன் போன் வேண்டாம், அவளையே எனக்குப் பேசச் சொல்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்குப் பல் முளைக்கிற சமயம், காய்ச்சல் வந்தால் பதறவேண்டாம். மூவரும் நல்லபடியாக, நிறைந்த ஆயுசோடு, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்து உள்ளே வைத்துவிடாதே. மருமகளிடம் கொடுத்து முதலிலிருந்து உரக்கப் படிக்கச் சொல். நீ குறுக்கே பேசாமல் கேள்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா