கருகிய மேசை விரிப்பு

அண்ணை,

இன்று காலை இடியப்பச் சட்டியைக் கட்டிக்கொண்டு போக ஒரு துணி தேடினேன். அலுமாரியின் அடித்தட்டில் அந்த வெள்ளை மேசை விரிப்புக் கிடந்தது. நடுவில் நீங்கள் இஸ்திரிப்பெட்டியால் சுட்ட தடம் பழுப்பாக அப்படியே இருக்கிறது. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை.

எனக்குப் பித்தப்பை எடுத்த நேரம், வேலை போய்விடும் என்று பயந்து அழுதேன். லிபெர்த்தாத் தெருவில் நான் வீட்டு வேலை செய்யும் எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, ஒரு கிழமை பொறுக்கிற ஆள் இல்லை. இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த நம்மில் ஒருவருக்கு வருத்தம் என்றால் இன்னொருவர் அவருடைய வேலைக்குப் போய், சம்பளத்தைப் படுத்திருப்பவர் கையில் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் நீங்கள்தான். அந்தக் கிழமை பெண்கள் ஒருவருக்கும் நேரமில்லை. அதே தெருவில் கட்டடக் காவலாளியாக இருந்த நீங்களே லீவு எடுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் சேட்டை மட்டும் தேய்த்துப் பழகிய கைக்கு அந்தப் பெரிய விரிப்பு அடங்கவில்லை. சிஞ்ஞோரா தலையில் கை வைத்தாராம். பிறகு சிரித்துவிட்டு, நான் திரும்பிப் போனபோது விரிப்பை என்னிடமே தந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "நீங்கள் உங்கட பிள்ளையாரைக் கேளுங்கோ, தங்கச்சி. நான் என்ர ஆண்டவரிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் வியா மக்வேதாத் தெரு வழியாக வரும்போது நானும் சேர்ந்துகொள்வேன். நமது சண்டை அங்கேதான்.

"இவங்கள் எடுக்கிற வரி கூடிப்போச்சுது."

"அந்த வரியிலதானே அண்ணை என்ர வயித்தை வெட்டித் தைச்சவங்கள்?"

"ஓம், இல்லையெண்டு சொல்லேல்லை. ரோட்டைப் போடட்டும், கள்ளனைப் பிடிக்கட்டும், ஆஸ்பத்திரியும் வைச்சிருக்கட்டும். வீட்டுக்குள்ள வந்து எங்களைப் பாக்கிற வேலை அவைக்கு வேண்டாம். அயலானை நேசி எண்டு ஆண்டவர் எனக்கெல்லோ சொன்னவர், அரசாங்கக் கந்தோருக்குச் சொல்லேல்லை. எல்லாத்தையும் அவை பாத்தா, நாங்கள் ஆளையாள் பாக்கிறதை விட்டிடுவம்."

ஆளில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பேன். "அப்ப நாங்கள் என்னத்துக்கு?" என்பீர்கள். இவ்வளவு கதைத்தும் நீங்கள் வரியை ஒளித்ததில்லை. சம்பளத்தில் பாதியை வரிக்குப் பதியாமல் தருகிறோம் என்று கட்டடச் சொந்தக்காரர் சொன்னபோது, "குறைக்கச் சொல்லிக் கேப்பன், களவெடுக்க மாட்டன்" என்று மறுத்த ஆள்.

பிறகு உங்களையே பாரிசவாதம் விழுத்தியது. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில், உங்கள் மனைவி இறந்தபின் நீங்கள் தனியே இருந்த அந்த அறைக்கு நாங்கள் முறை வைத்து வந்தோம். ஒரு பின்னேரம் இரண்டு வீட்டு வேலையையும் முடித்து வந்து, கஞ்சியைப் பருக்கிவிட்டு, கதிரையிலேயே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது உங்கள் போர்வை என் மேல் கிடந்தது. ஒரு கையால் எப்படித்தான் போட்டீர்களோ.

அடுத்த கிழமை கதவைத் திறந்தவர் கார்மேலா. நகரசபை அனுப்பிய உதவியாள். நீங்களாகவே கேட்டு எடுத்திருந்தீர்கள்.

"இனி ஒருத்தரும் அலைய வேண்டாம், தங்கச்சி. அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கு. எங்கட சண்டையில நீங்கள்தான் வெண்டனீங்கள்."

சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டு, "சரி அண்ணை" என்று வந்துவிட்டேன். ஆள் வருகிறதுதானே என்று மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். நானும் வருகிற வெள்ளி, அடுத்த வெள்ளி என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். மாரிகாலம் முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கப் பூசையில் கார்மேலா கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்து அழுதார். அன்று அவருக்கு வேலையில்லாத நாள். வாசலில் என் கையைப் பிடித்துச் சொன்னார்: பின்னேரமானால் நீங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பீர்களாம். யாரையாவது கூப்பிடவா என்று கேட்டால் வேண்டாம், அவர்கள் களைத்துப்போனார்கள், நித்திரை கொள்ளட்டும் என்பீர்களாம்.

வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுக்காத கொள்கையை, நான் கதிரையில் தூங்கிய ஒரு தூக்கத்துக்காக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அப்படிக் கிடைத்த வெற்றி எனக்கு வேண்டாம், அண்ணை. கார்மேலாவை அனுப்பிய வரியை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வந்தது நல்லது. நாங்கள் வராமல் விட்டதுதான் நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது.

நமது ஆட்களில் ஒரு பிள்ளை இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். அவளுக்கும் நகரசபை ஆள் வருகிறது. சட்டியை உங்கள் விரிப்பில் கட்டிக்கொண்டு அங்கேதான் போனேன்.

"ஆள் வருதுதானே அக்கா, நீங்கள் ஏன் அலையிறியள்?" என்றாள்.

"ஓம், தெரியும். ஆள் வந்தாலும் நானும் வருவன்."

அன்றைக்கு உங்கள் வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டிய பதில். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தூக்கம் வந்தால் வரட்டும் என்று அவள் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.